தண்ணியும் தலையெழுத்தும்

வா கண்ணு, உக்காரு. அந்தத் தடிப் புத்தகத்தைத் தள்ளி வை, டீ கொட்டிரப் போவுது. ஸ்டைன்பெக் 1952-ல எழுதின 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்'னு அன்னிக்கே சொன்னே. ஆத்தா கெட்டவ, அவ ரத்தந்தானே எனக்குள்ள ஓடுதுன்னு கால்னு ஒரு பையன் அதுல பயந்து சாவறான்னும் சொன்னே. அன்னிலருந்து நீயும் அதே பாட்டுத்தான். அப்பன் குடிச்சாரு, அதனால நானும் குடிக்கறேன். ஏஞ் சாமி, பாதியிலயே மூடி வச்சுட்டியா? உங்கக்கா முழுசும் படிச்சுட்டா. அந்தப் பையனுக்கும் வழி இருக்குன்னுதான் கதை முடியுதாமே!

நான் கரண்ட்டு ஆபீசுல வேலை பார்த்தவன். நம்ம கிளென்மார்கன்ல இருந்து குழாய்க்குள்ள இறங்குற பைக்காரா தண்ணி, சுமார் 3,000 அடி கீழ சிங்காரா பவர் ஹவுஸ்லதான் போய் விழணும். 1932-லருந்து அதுக்கு இதே பொழப்பு. நடுவழியில நின்னு யோசிக்குமா? தண்ணிக்கு வேற வழியில்ல கண்ணு. தண்ணி போடறவனுக்கு உண்டு.

அமெரிக்கா வரைக்கும் எதுக்குப் போறே? ராஜம் கிருஷ்ணன் அம்மா எழுதின 'குறிஞ்சித்தேன்' 1963-ல வந்துச்சு. அவங்க வீட்டுக்காரர் மின்சார இன்ஜினியரு. அந்தம்மா இந்த மலையில இருந்து, படகர் சனங்களோட பழகி எழுதுன கதை. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்காப் பூக்குற பூவை வச்சுத் தலைமுறைக் கணக்குப் போகும். ஜோகியும் ரங்கனும் அண்ணன் தம்பி பிள்ளைங்க. ஒரே ஹட்டி, அதான் படகர் ஊரு, ஒரே குளுரு. ரங்கன் ஊட்டிக்கு ஓடிப்போறான். ஜோகி கோயில் நெருப்பு அணையாமக் காக்க உக்காந்துடறான். ரத்தம் ஒண்ணுதானே, அப்புறம் எங்க பிரிஞ்சுது?

அதுக்காக ஜோகியைத் தலையில தூக்கி வச்சு ஆடவும் எனக்கு மனசு வரல. சின்னப் பையன்கிட்ட சாமி காரியத்தைக் குடுத்தா அவன் என்ன பண்ணுவான்? ஓடுன ரங்கனாச்சும் தானா முடிவு பண்ணி ஓடினான்! நெருப்புக்கிட்ட உக்கார வச்சது பெரியவங்க. ஆனா நடுச்சாமத்துல, குளுருல, யாரும் பார்க்காதப்ப எந்திரிச்சு ஒரு விறகைத் தள்ளறதா, போர்த்திக்கிட்டுத் தூங்கறதா? அது அவன் பாடு. அந்த இடத்துல பெரியவங்க யாரும் இல்ல.

உன் கணக்கு வேற. பாஸானா உன் மூளை, பெயிலானா தலையெழுத்து. நீ தோத்த அன்னிக்கு மட்டுந்தான் பிரம்மன் பேனாவுல மை இருக்குமாக்கும்?

சரி, இந்தா நூறு ரூவா. கடைக்குப் போயி வெத்தலை பாக்கு வாங்கிட்டு வா. வெத்தலைக் கடையைத் தாண்டினா வேற கடையும் இருக்குன்னு உனக்குத் தெரியும். மீதிச் சில்லறை எங்க போகும், எங்க வரும், நான் ஒண்ணும் சொல்லல.

அட, புத்தகத்தை எங்க தூக்கிட்டுப் போறே? அது இங்கயே இருக்கட்டும், அடமானமா.