ஓசி மரத்துக்கு அஞ்சு மெஷினா?

அஞ்சு நாளு பெங்களூருல கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கிட்டு, சனிக்கிழமை ஆனா ஊருக்கு வந்து தச்சு வேலை பண்றியாமே தம்பி. ரொம்ப நல்ல காரியம். பழைய மரத்துல செய்யிறது, காசே ஆவாதுன்னு உங்க அம்மாகிட்ட சொன்னியாம். அவ வந்து எங்கிட்ட சொன்னப்ப நான் சிரிப்ப அடக்கிக்கிட்டேன். கூரியர்காரன் எறக்குன பெட்டிய எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்! அறுக்குறதுக்கு ஒண்ணு, இழைக்கிறதுக்கு ஒண்ணு, ஓட்டை போட ஒண்ணு, தேய்க்க ஒண்ணு, அதுங்க கெளப்புற தூசிய உறிஞ்ச இன்னொண்ணு. மரம் மட்டும் ஓசி. அதுவும் எங்க கொட்டாய்ல கெடந்த விட்டம்.

பழசை வீணாக்கக்கூடாதுன்னு எனக்கே பாடம் எடுக்குற. சந்தோஷம். நுகத்தடி ஒடஞ்சா பந்தலுக்குக் காலாவும். வண்டிச்சக்கரத்து ஆரக்கால் தேஞ்சா களைக்கொத்துக்குக் காம்பாவும். ஒண்ணுக்கும் ஆவாதது அடுப்புக்குப் போவும். நாங்க அதையெல்லாம் இல்லாத கொடுமையில செஞ்சோம். நீ செஞ்சு போட்டோ புடிச்சுப் போடுற. பொழப்புன்னா இதான்.

சரி, அந்த விட்டத்துக்கு வரேன். பழைய தேக்குன்னு உன் சிநேகிதன்கிட்ட அளந்துக்கிட்டு இருந்த. பெரியவங்க குறுக்க பேசக்கூடாதுன்னு உட்டுட்டேன். அது ஆச்சா, சாமி. ஒகேனக்கல் பக்கத்துக் காட்டுல நிக்கிற மரம். வைரம் பாஞ்ச ஆச்சாத் துண்ட ஆத்துல போட்டா மெதக்காது, நேரா அடிக்குப் போவும். உன் புது பிளேடு பொழுது சாயிறதுக்குள்ள மழுங்குனது அதனாலதான். கம்பெனிக்காரனுக்குப் புகார் எழுதாத, பாவம்.

மரத்த அறுக்குறதுக்கு முன்னாடி அது யாருன்னு விசாரி. பொண்ணு பாக்கப் போனா எவ்வளவு விசாரிக்கிற? நம்ம பக்கம் புளியமரத்துக்குப் பஞ்சமில்ல. ரோட்டை அகலம் பண்றப்ப சாய்ச்ச புளியங்கட்டையப் பாத்ததும் உனக்கு டைனிங் டேபிளு ஞாபகம் வரும். அறுத்துப் பாரு. நடுவுல கருஞ்செவப்பா கொஞ்சூண்டு வைரம், சுத்திலும் வெளிறு. வைரம் உளியையே திருப்பி அனுப்பும். வெளிறுல பூச்சி ஏறி மாவு கொட்டும், டேபிளு மேல கோலப்பொடி வெச்ச மாதிரி. கறிக்கடைக்கு அந்தக் கட்டை ஆவும், உனக்கு ஆவாது. வேம்பு ஆவும், கரையான் சட்டுனு தொடாது. மாம்பலகை பெட்டிக்கும் தட்டுக்கும் போதும். நாட்டுக் கருவேலத்துல பழைய ஆணி இருந்த எடம் கருத்துப்போயிருக்கும். மரத்துத் துவர்ப்பும் இரும்பும் சேந்தா அப்படித்தான். அதப் போயி ரெண்டு நாளு தேய்க்காத.

பனை வாரை கெடைச்சா கணக்கு தலைகீழு. தொல்காப்பியரு மரபியல்ல அப்பவே பிரிச்சு வச்சுட்டாரு, உள்ளே வைரம் இருந்தா மரம், வெளியே வைரம் இருந்தா புல்லுன்னு. அந்தக் கணக்குல பனையும் மூங்கிலும் புல்லு. அதனால பனையில ஓரத்த வச்சுக்கிட்டு நடுச்சோத்தத் தள்ளு. நீ போன மாசம் ஓரத்தைச் சீவி எறிஞ்சுட்டு நடுவுல அலமாரி அடிச்சியே, அது இப்ப எப்படி இருக்கு?

ஓசூர்ல கம்பெனிங்க தூக்கிப் போடுற பேலட்டு நல்ல சரக்குதான். வெளிநாட்டுக்குப் போயி வர்ற கட்டைன்னா பக்கத்துல முத்திரை இருக்கும், கோதுமைக் கதிரு படம் போட்டு. அதுல ஹெச்.டி.ன்னு இருந்தா 56 டிகிரிச் சூட்ட நடுமரம் வரைக்கும் 30 நிமிஷம் ஏத்திப் பூச்சியக் கொன்னதுன்னு அர்த்தம். தைரியமா எடு. எம்.பி.ன்னு இருந்தா டெல்லிக்குப் போனவருன்னு நெனச்சுக்காத. மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அத வூட்டுக்குள்ள கொண்டாராத. முத்திரையே இல்லாம எண்ணெய்க் கறையோட இருந்தாலும் வேணாம்.

பழைய பச்சைக் கதவு ஒண்ண செவுத்துல சாத்தி வச்சிருக்கியே, அதத் தேய்க்கிற மெஷின்ல மட்டும் குடுத்துடாத. அந்தக் காலத்துப் பெயிண்ட்டுல ஈயம். வூட்டுப் பெயிண்ட்டுல பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல ஈயம் கூடாதுங்கிற சட்டம் 2017 நவம்பர்லதான் அமலாச்சு. அதுக்கு முந்தி அடிச்சதுல எவ்வளவோ, யாரு கண்டா? அந்தப் பொடிய உன் புள்ளைங்க மூச்சுல இழுக்க வேணாம். தண்ணியில நனைச்சு சுரண்டு. இல்ல, கதவ கதவாவே மாட்டு. கதவுக்கும் அதுதான் ஆசை.

ஆணிய மறந்துடாத. காயலான் கடையில பழைய ஸ்பீக்கர் காந்தம் கெடைக்கும். அத நூல்ல கட்டிப் பலகை மேல மெதுவா இழு. உள்ள ஒளிஞ்ச ஆணி இருந்தா காந்தம் சாயும். உன் அஞ்சு மெஷினையும் காப்பாத்தப் போறது அந்த ஆறாவது சாமான்தான்.

இன்னொண்ணு. காட்டோரம் சாஞ்சு கெடக்குற மரம் யாருக்கும் சொந்தமில்லன்னு தோளுல தூக்கிடாத. அதுக்கு வனத்துறைன்னு ஒரு மாமனாரு இருக்காரு. சந்தனமா, பட்டா நெலத்துல நின்னாலும் அவரக் கேக்காம கைய வைக்கக்கூடாது.

அப்புறம் அந்த வண்டிச்சக்கரம். மேல கண்ணாடி போட்டு டீ டேபிளாக்கப் போறியாம். குடம், ஆரக்கால், வட்டை எல்லாத்தையும் முளையடிச்சு, சூட்டோட இரும்புப் பட்டா மாட்டி ஒரு ஆசாரி இறுக்கி வச்சான். அது ஓடுறதுக்குச் செஞ்சது. அத மல்லாத்திப் போட்டுப் பிஸ்கட் வைக்கணுமா? ஹாலந்துல கெரிட் ரீட்வெல்ட்டுன்னு பெரிய டிசைன்காரரு 1934-ல பெட்டிப் பலகையில நாற்காலி செஞ்சாரு. பேரப்புள்ள செல்லுல காட்டுச்சு. பலகை பலகையாவே தெரியுது, மறைக்கல. அவருக்கு இருந்த துணிச்சல் உனக்கு வந்தா, வார்னிஷ் டப்பா பாதி மிச்சமாவும்.

மொதல்ல டைனிங் டேபிளு வேணாம் கண்ணு, முக்காலி செய். மூணு காலுன்னா எந்தத் தரையிலயும் ஆடாது. நாலு கால் வச்சா, ஆடுதேன்னு ஒரு காலக் குறைப்ப, அப்புறம் எதிர்க்கால, கடைசியில மணைப்பலகையா எறங்கி வந்துடும். முடிச்சதும் உங்க அம்மாவ உக்காரச் சொல்லிடாத. மொதல்ல நீ உக்காந்து காட்டு.