‘எ பிட்’ என்றால் ஒரு கடி

எனக்குத் தெரிந்த ஒரே ‘பிட்’, தேர்வு அறைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு போவது. ஆங்கிலத்திலும் ஒரு ‘பிட்’ இருப்பதும், அதனாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதும் வேலை தேடக் கிளம்பிய பிறகே தெரிந்தது.

முதல் அடி நேர்முகத் தேர்வில். கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஒர்க் ஹார்ட்லி’ என்றேன். ஸ்லோவுக்கு ஸ்லோலி என்றால் ஹார்டுக்கு ஹார்ட்லிதானே? எதிரே இருந்தவர் பேனாவை மூடினார். “உண்மையைச் சொன்னதற்கு நன்றி” என்றார். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். ஹார்ட்லி என்றால் ‘அநேகமாக இல்லை’யாம்.

வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது. மேலதிகாரி இங்கிலாந்துக்காரர். என் முதல் அறிக்கையை ‘க்வைட் குட்’ என்றார். ஆபீசுக்கே சமோசா வாங்கிக் கொடுத்தேன். அமெரிக்கர் சொன்னால்தான் அது ‘ரொம்ப நன்று’. இவர்கள் சொன்னால் ‘ஏதோ பரவாயில்லை’. அடுத்த அறிக்கைக்கு ‘எ லிட்டில் கன்சர்ன்ட்’ என்றார். கொஞ்சம்தானே கவலை என்று டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் ஃபைல் அடுத்த மேஜைக்குப் போயிருந்தது.

இப்படி ஏமாந்தவர்களில் ஜெனரல்களும் உண்டு. 1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை நெருக்கியபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ என்றாராம். இங்கிலாந்துக் காதுக்கு அது ‘தலைக்கு மேல் வெள்ளம்’. அமெரிக்கக் காதில் ‘சமாளித்துக்கொள்வோம்’ என்று விழுந்தது. பிரோடியின் கீழிருந்த குளோஸ்டர்ஷயர் பட்டாளத்தின் 600-க்கும் மேற்பட்டவர்களில் தப்பி வந்தவர்கள் சுமார் 40 பேர். அதற்கு முன்னால் என் சமோசா நஷ்டத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘பிட்’ என்பது கடித்தெடுத்த துண்டு, ‘பைட்’டுக்கு உடன்பிறப்பு. நாம் ‘ஒரு வாய் காபி’ என்கிறோமே, அந்த மாதிரி. நம் ‘கொஞ்சம்’ மட்டும் யோக்கியமா? பந்தியில் “கொஞ்சமா வைங்க” என்று கையால் மறித்துப் பாருங்கள். விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி சோறு விழும். ஆனால் அதில் கெடுவது வயிறு மட்டும்தான்.

போன வாரம் என் அறிக்கை ‘எ பிட் தின்’ என்றார் மேலதிகாரி. கடியின் ஆழம் இப்போது எனக்குத் தெரியும். டீக்குப் போகவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினேன். காலையில் படித்துவிட்டு, ‘க்வைட் குட்’ என்றார்.

இந்த முறை நான் சமோசா வாங்கவில்லை.