குதிரை லாட வளைவும் ராகு காலமும்

சேண்ட்லர், அரிசோனா

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும் வணக்கம்.

விசா கிடைத்த சேதி வந்ததிலிருந்து இங்கே தினமும் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மாநாடு நடக்கிறது. உங்களை எங்கே கூட்டிப்போவது என்பதுதான் பிரச்சினை. லாஸ் வேகாஸ் என்றான் பையன். சித்தியும் சித்தப்பாவும் அங்கே போய்ச் சூதாட்டக் கிளப்பையா வேடிக்கை பார்ப்பார்கள் என்று உங்கள் மருமகள் அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள். கடைசியில் ஹார்ஸ்ஷூ பெண்ட் நிறைவேறியது. கொலராடோ ஆறு ஒரு பெரும் பாறையைச் சுற்றிக் குதிரை லாடமாக வளைந்து திரும்புகிற இடம். மேலே விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டும். படம் நீங்கள் பார்த்ததுதான். உலகத்தில் பாதிப் பல் டாக்டர்கள் காத்திருக்கும் அறையில் அதைத்தான் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 300 மைல், ஐந்து மணி நேர ஓட்டம். இங்கே அது பக்கத்து ஊர்க் கணக்கு. கும்பகோணத்திலிருந்து மெட்ராஸ் போவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே முறுக்கு சுடுகிற நம் வீட்டு வழக்கம் இங்கே செல்லாது என்று நினைத்திருந்தேன். மருமகள் இப்போதே முறுக்கு மாவு வாங்கி வைத்திருக்கிறாள்.

வழி அழகாக இருக்கும். ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரத்தில் வறுத்தெடுக்கும். இரண்டரை மணி நேரத்தில் ஃப்ளாக்ஸ்டாஃப், 7,000 அடி, பைன் காடு, ஸ்வெட்டர் தேடுவீர்கள். அங்கிருந்து 89-ம் எண் நெடுஞ்சாலையில் இறங்கினால் மறுபடி பாலைவனம், நவாஹோ மக்களின் பூமி. 2013 பிப்ரவரியில் இந்தச் சாலை பேஜ் ஊருக்குத் தெற்கே மலையோடு சரிந்து, மறுபடி திறக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அரசாங்க வேலை என்றால் நம் ஊரில்தான் இழுக்கும் என்று இனி யாராவது சொன்னால் இதை எடுத்து வீசுங்கள்.

சித்தப்பா, மேட்டூரில் வேலை பார்த்தவர் என்பதால் உங்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி சேர்த்திருக்கிறேன். வளைவுக்குச் சில மைல் மேலே க்ளென் கேன்யன் அணை. 710 அடி உயரம். பேஜ் ஊரே அந்த அணையைக் கட்டும் ஆட்கள் குடியிருப்பதற்காக 1957-ல் உண்டாக்கியது. பின்னால் தேங்கும் பவல் ஏரியின் கொள்ளளவு ஆயிரம் டி.எம்.சி.க்கு மேல். மேட்டூர் 93.47 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வீர்கள், தெரியும். ஆனால் பொறாமைப்பட வேண்டாம். ஏரி நிரம்பி வெகுகாலம் ஆகிறது. பழைய நீர்மட்டம் எதுவரை இருந்தது என்று பாறையெல்லாம் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். தண்ணீருக்கு ஏழு மாநிலங்கள் பங்காளிகள், அதற்கப்புறம் மெக்ஸிகோ. 1922-ல், அதாவது நம் காவிரி ஒப்பந்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், மழை நன்றாகப் பெய்த வருஷங்களின் கணக்கை வைத்துக்கொண்டு ஆற்றில் இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டார்கள். இன்றுவரை பேச்சுவார்த்தை, கெடு, மறுபடி பேச்சுவார்த்தை. டி.வி.யில் அந்த அதிகாரிகள் பேசுவதைக் கேட்டால் உங்களுக்குப் பழைய சிநேகிதர்களைப் பார்த்த சந்தோஷம் வரும்.

வளைவு எப்படி வந்தது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து எனக்கு வகுப்பெடுக்காதீர்கள். சமவெளியில் வளைந்து வளைந்து ஓடிய ஆறு; பூமி மெல்ல மெல்ல மேலே எழும்ப, ஆறு தன் பழைய வளைவை விடாமல் அரித்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டது. இன்று விளிம்புக்கும் தண்ணீருக்கும் 1,000 அடி. தண்ணீர் பச்சையாக இருக்கும். செம்மண் வண்டலெல்லாம் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது.

இனி சிக்கலான விஷயம், நேரம். மற்ற மாநிலங்கள் அநேகமாக எல்லாமே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும். அரிசோனா தள்ளாது. 1967-ல் தள்ளிப் பார்த்து, இந்த வெயிலில் சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் சூரியன் எதற்கு என்று மறு வருஷமே கைகழுவிவிட்டார்கள். ஆனால் நவாஹோ நேஷன் தள்ளும், அவர்கள் பூமி மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. அந்தப் பூமிக்கு நடுவில் இருக்கும் ஹோப்பி மக்கள் தள்ளமாட்டார்கள். வடக்கே சில மைலில் யூட்டா, தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட பேஜ் தள்ளாது. நண்பர்களோடு போயிருந்தபோது ஓட்டலில் பாதிப் பேர் போன் ஆறரை என்றது, மீதிப் பேர் போன் ஏழரை என்றது. கடைசியில் டிபன் எடுத்து வைக்கும் பெண்ணிடம் மணி கேட்டுத் தீர்ப்பு வாங்கினோம். ஆகவே உங்கள் எச்.எம்.டி. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வாருங்கள். சாவி கொடுக்கிற கடிகாரம் எந்த டவருக்கும் தலையாட்டாது.

சித்தி, பஞ்சாங்கம் பார்த்தாயா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். பார்வையிடம் மேற்குப் பார்த்தது. விடிகாலையில் போனால் ஆறு நிழலில் கிடக்கும். ஒன்பதரை, பத்துக்கு மேல்தான் அடிவரை வெளிச்சம் இறங்கும். அதை விட்டால் சூரியன் மறையும் நேரம். எனக்குக் கிடைப்பதோ சனி, ஞாயிறு. சனிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை ராகு காலம். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் மறைவது ஆறுக்குச் சற்று முன்னால்! நவாஹோ கடிகாரப்படி பார்த்தால் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் முன்னாலேயே ராகு விலகிவிடும். ஆனால் அவர் எந்த நேரப்படி வேலை பார்க்கிறார் என்று எனக்குச் சொல்ல இங்கே ஜோசியர் இல்லை. சண்டை வேண்டாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் குறித்திருக்கிறேன். காலை 8 மணிக்குப் புறப்பாடு, மதியம் அணை, மாலை வளைவு. அந்நேரம் ஆற்றில் பாதி நிழல் விழுந்துவிடும், ஆனால் எதிர் வானம் சிவந்து கொட்டும்.

காருக்கு 10 டாலர். வருஷத்துக்கு 80 டாலர் கட்டி வாங்கிய தேசியப் பூங்கா அட்டையை நீட்டினால் செல்லாது என்பார்கள். விளிம்பு மத்திய அரசுடையது, கார் நிறுத்துமிடம் பேஜ் நகராட்சியுடையது. கோயிலுக்கு ஒரு நிர்வாகம், செருப்பு ஸ்டாண்டுக்கு ஒரு குத்தகைக்காரர். காரை விட்டு விளிம்புக்குப் போக வர ஒன்றரை மைல் நடை. சமன் செய்த பாதை, சக்கர நாற்காலியே போகும். அங்கங்கே நிழற்கூரை உண்டு, கடை கிடையாது. வியர்க்கவில்லையே என்று ஏமாறாதீர்கள், இந்த வறட்சியில் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். தாகம் எடுப்பதற்குள் தலை சுற்றும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம். "அப்புறம் பாத்ரூம் தேடணுமே" என்று சித்தி மறுக்க வேண்டாம். கார் நிறுத்துமிடத்திலேயே கழிப்பறை இருக்கிறது. மருமகள் பட்டியலில் முதல் வரி அதுதான், ஆறு மூன்றாவது வரி.

விளிம்பைப் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். ஒரு பகுதிக்குத்தான் கம்பித் தடுப்பு, மீதி வெறும் பாறை. ஒருகாலத்தில் பாலை மணலாக இருந்து இறுகிய மணற்கல். விரலால் தேய்த்தால் உதிரும். சில இடங்களில் பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் ஒன்றும் இராது. விழுந்து இறந்தவர்கள் உண்டு. நண்பர்களோடு போன அன்றைக்கு ஒருவர் குப்புறப் படுத்துத் தலையை மட்டும் நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு கையால் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த போனில் யாரிடமோ அடுப்பை அணைத்தாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா, அணையின் கைப்பிடிச் சுவர்மேல் நடந்த கதையை நீங்கள் பேரனுக்குச் சொல்லலாம். நடித்துக் காட்டக் கூடாது.

சித்தி, கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஏறினால் உங்கள் முந்தானை முடிச்சு அவிழும் என்பது எனக்குத் தெரியும். இங்கே மேலிருந்து காசு போடக் கூடாது. கீழே ரப்பர் படகில் ஆட்கள் போகிறார்கள். எறும்பு அளவுதான் தெரிவார்கள், ஆனால் மண்டை நம் மண்டை அளவுதான். ஆற்றைத் தொட்டுக் கும்பிட வேண்டுமென்றால் மறுநாள் திரும்பும்போது லீஸ் ஃபெரிக்குப் போவோம். அங்கே கரை வரைக்கும் கார் போகும். அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடுகிற தண்ணீர், கால் வைத்தால் சில்லிடும்.

ஆன்டிலோப் கேன்யனைச் சேர்க்கவில்லை. நவாஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், முன்பதிவு வேண்டும். கீழ்ப் பகுதியில் செங்குத்தான இரும்பு ஏணிகள் வேறு. சித்தியின் முழங்காலுக்கு ஆகாது. புளியோதரை, தயிர் சாதம், மோர் மிளகாய் எல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறும். ஆவக்காய் மட்டும் நீங்கள் கொண்டுவரவேண்டும், நன்றாகச் சுற்றி, கைப்பையில் இல்லாமல் பெரிய பெட்டியில்.

ஏஜெண்டு ஜூலை மாதத்துக்கு டிக்கெட் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே அப்போது 110 டிகிரி, கார் கதவைத் தொட முடியாது. அக்டோபர் முதல் வாரத்துக்குள் வந்து சேருங்கள். பேஜில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே தேதியை இந்த வாரமே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்