ஊழல் பட்டியல் வாசிப்பது எப்படி?

பொதுக்கூட்டத்தில் முதல்முறையாக மைக் பிடிக்கப் போகிறீர்களா? எதிர்க்கட்சியின் ஊழல் பட்டியலை நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று ஒன்றியச் செயலாளர் சொல்லியனுப்பியிருக்கிறாரா? வாழ்த்துகள். கீழே வருகிற யோசனைகள் உடன்பிறப்புகளுக்கும் ரத்தத்தின் ரத்தங்களுக்கும் பொதுவானவை. நிற்கும் மேடைக்கு ஏற்றபடி பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வாக்கியங்களைத் தொட வேண்டாம். ஐம்பது வருஷமாக அவற்றை யாரும் தொட்டதில்லை.

முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். யார், எதில், எப்படி என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கூட்டத்தில் இருக்கிற யாரும் மனக்கணக்காகப் போட முடியாத தொகையாக இருக்க வேண்டும். இதற்கு இலக்கணம் வகுத்தது 2ஜி அலைக்கற்றை விவகாரம். 2010 நவம்பரில் வெளியான தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, அரசுக்கு வராமல் போயிருக்கக்கூடிய பணத்தை நான்கு விதமாகக் கணக்கிட்டது. மிகக் குறைந்தது 57,000 கோடிச் சொச்சம். மிக அதிகம் 1,76,000 கோடிச் சொச்சம். முதல் எண்ணை எந்த மேடையிலாவது கேட்டதுண்டா? ‘உத்தேச இழப்பு’ என்று அறிக்கையில் இருந்ததில் ‘உத்தேசம்’ மேடைப் படியிலேயே உதிர்ந்துவிட்டது. ‘இழப்பு’ மைக்குக்கு வருவதற்குள் ‘கொள்ளை’ ஆகிவிட்டது. அந்தத் தொகையை ரூபாயில் எழுதினால் 176-க்குப் பின்னால் பத்துப் பூஜ்யம். பூஜ்யங்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். தலைவரின் வண்டி வரத் தாமதமாகும் கூட்டங்களில் இது பெரிய உதவி. 2011 தேர்தலில் தி.மு.க. 23 இடங்களுக்குச் சுருங்கி, எதிர்க்கட்சி அந்தஸ்தைக்கூட தே.மு.தி.க.விடம் இழந்ததில் மின்வெட்டுக்கும் பங்கு உண்டுதான். பூஜ்யங்களின் பங்கு அதற்குக் குறைந்ததல்ல.

அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால்? நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பதில் சொல்லுங்கள். 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012-ல் ரத்து செய்ததே என்று ஒரு பக்கம். 2017 டிசம்பரில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் தி.மு.க. முன்னாள் அமைச்சர் ஆ. ராசா உள்ளிட்ட எல்லோரையும் விடுதலை செய்ததே என்று இன்னொரு பக்கம். இரண்டும் உண்மை. சி.பி.ஐ. மேல்முறையீடு செய்திருப்பதால் இரு தரப்புக்கும் சரக்கு இன்னும் சில தேர்தல்களுக்குத் தீராது.

பெரிய தொகைக்கு நேர்மாறாக, சின்னத் தொகையிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதை நிரூபித்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கின் தொகை 66 கோடிச் சொச்சம்தான். 2ஜி பூஜ்யங்களுக்கு முன்னால் சில்லறை. ஆனால் முதலமைச்சராக மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கியவர் என்ற விவரம் பக்கத்திலேயே நின்றது. கூடவே 10,500 சேலை, 750 ஜோடிச் செருப்பு, 28 கிலோ தங்கம் என்று பத்திரிகைகள் எழுதின. 66 கோடி எப்படி இருக்கும் என்று நம் மக்கள் பார்த்ததில்லை. 750 ஜோடிச் செருப்பை வாசலில் விட்டால் எதுவரை போகும் என்று அவர்களால் நினைத்துப் பார்க்க முடியும். ஆகவே பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்றாவது இருக்கட்டும். அலைக்கற்றைக்கு அந்தக் குறை இருந்தது. அதைத்தான் பூஜ்யங்களால் ஈடுகட்டினார்கள்.

கணக்குப் பாடத்தில் நீங்கள் சுமார் என்றால் மனம் தளர வேண்டாம். இந்த வழக்கில் 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வருமானத்துக்கு மேல் இருந்த சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் அதிலிருந்த கடன் பட்டியலின் அடியில் 24.17 கோடி என்று போட்டிருந்தது. பத்து இனங்களையும் கூட்டிப் பார்த்தவர்களுக்கு 10.67 கோடிதான் வந்தது. பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம். கூட்டல் ஒன்றை வைத்துத் தமிழ்நாடு முழுக்க மேடை போட்டுப் பேசிய ஆண்டு அது. வீட்டுப்பாடத்தில் பிழை விட்ட பிள்ளைகளைக்கூட அந்த வருஷம் யாரும் கடிந்துகொண்டிருக்க முடியாது. உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை 2017 பிப்ரவரி 14-ல் ரத்து செய்தது. முதல் எதிரியான ஜெயலலிதா அதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்திருந்தார். மற்ற மூன்று எதிரிகளும் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார்கள். புகார் 1996-ல் கொடுத்தது. அவசரப்படாமல் இருப்பது எப்படி என்று நீதிமன்றங்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நிறையத் தெரிந்தால் பேச வராது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்களின் சொத்துக் கணக்கைக் கேட்டார்; தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், அதே மாதம் அ.தி.மு.க. பிறந்தது. ஊழல் புகாரையே தொட்டிலாகக் கொண்ட கட்சி நாட்டில் எத்தனை இருக்கும்? இதன் இன்னொரு பொருளையும் மறக்காதீர்கள். நீங்கள் வசைபாடப் போகிறவரும் உங்கள் தலைவரும் ஒரு காலத்தில் ஒரே வேனில் பிரசாரம் போனவர்களாக இருக்கக்கூடும்.

1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, சர்க்காரியா கமிஷன் வந்தது. வீராணம் குழாய், பூச்சிமருந்து தெளிப்பு எல்லாம் விசாரணைக்கு வந்தன. அந்த அறிக்கையைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இருப்பதாக மேடைகளில் சொல்லப்படும் ‘விஞ்ஞானபூர்வ ஊழல்’ என்ற சொற்றொடரைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் இல்லை. அ.தி.மு.க. மேடையில் நிற்கிறீர்கள், பேச்சு மறந்துவிட்டது என்றால் “சர்க்காரியா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டைச் சரி செய்யுங்கள், கைதட்டல் வரும். எதிர் மேடைக்கு “பெங்களூரு” இருக்கிறது.

சர்க்காரியா விசாரணையை ஒட்டி வந்த வழக்குகள் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆட்சியைக் கலைத்த இந்திரா காந்தியோடு தி.மு.க. 1980 தேர்தலில் கூட்டணி வைத்தது. “நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக” என்று வரவேற்றார் கருணாநிதி. வழக்குகள் பின்னால் கைவிடப்பட்டன. அதே 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. ஊழல் வழக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது சாட்சியங்கள் என்று நினைக்கிறவர் பேச்சாளர் ஆவதைவிட வழக்கறிஞர் ஆவது நல்லது. கூட்டணிப் பேச்சுவார்த்தை எந்த ஓட்டலில், எந்த அறையில் நடக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எந்த அலமாரிக்குப் போகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இதில் முதுகலைப் படிப்பு வேண்டுமென்றால் சுப்பிரமணியன் சுவாமியைப் படியுங்கள். ஜெயலலிதா மீது வழக்குத் தொடர 1995-ல் ஆளுநர் சென்னா ரெட்டியிடம் அனுமதி வாங்கியவர் அவர். 1996-ல் சொத்துக் குவிப்புப் புகார் கொடுத்தவரும் அவரே. 1998-ல் அதே ஜெயலலிதாவின் கூட்டணியில் மதுரையில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனவரும் அவரே. 1999-ல் டெல்லியில் அவர் கொடுத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியா காந்தியும் சந்தித்தார்கள். அடுத்த மாதம் வாஜ்பாய் ஆட்சி ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. சில மாதங்களில் தி.மு.க. பா.ஜ.க. கூட்டணியில் இருந்தது. இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் புகார் மட்டும் நீதிமன்றத்தில் இடம் மாறாமல் இருந்தது. நம் அரசியலில் அன்று கட்சி மாறாத ஒரே விஷயம் அதுதான்.

ஆகவே வசை பாடும் முன், பாடப்படுகிறவர் இன்று காலை எந்தக் கட்சியில் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செந்தில் பாலாஜி அ.தி.மு.க. அமைச்சராக இருந்த காலத்தில் போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகப் புகார் எழுந்தது. 2018 டிசம்பரில் அவர் தி.மு.க.வுக்கு வந்தார். 2021-ல் அமைச்சரானார். 2023 ஜூனில் அந்தப் பழைய புகாரை ஒட்டி அமலாக்கத் துறை கைது செய்தபோது, புகார் சொல்ல வேண்டியவர் யார், ஆறுதல் சொல்ல வேண்டியவர் யார் என்று இரு கட்சி மாவட்டப் பேச்சாளர்களும் தங்கள் பழைய கேசட்டுகளைப் புரட்ட வேண்டியதாயிற்று. புகார் புத்தகத்தை வழவழத் தாளில் அச்சடிக்காதீர்கள். சீக்கிரம் மட்கும் தாள் போதும்.

கமிஷன் கேளுங்கள். நீதிமன்றம் கேட்காதீர்கள். 1952-ஆம் ஆண்டு விசாரணைக் கமிஷன் சட்டப்படி அமைக்கும் கமிஷன் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஓய்வுபெற்ற நீதிபதிக்கு ஓர் அலுவலகம், ஒரு கார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால நீட்டிப்பு. ஓமந்தூரார் தோட்டத்தில் 2010-ல் திறந்த புதிய தலைமைச் செயலகம், ஆட்சி மாறியதும் மருத்துவமனையானது; கட்டுமான முறைகேட்டை விசாரிக்க 2011-ல் ரெகுபதி கமிஷன் அமைந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2018-ல், விஷயம் லஞ்ச ஒழிப்புத் துறைக்குக் கைமாறியது. அதற்குள் அந்தக் கட்டடத்தில் ஏராளமான பேர் நோய் தீர்ந்து வீடு திரும்பியிருந்தார்கள்.

கைது மட்டும் வேண்டாம். இது மூத்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. 1996 டிசம்பரில் கலர் டி.வி. கொள்முதல் வழக்கில் ஜெயலலிதாவைக் கைது செய்தது தி.மு.க. அரசு. 1998 மக்களவைத் தேர்தலில் அவர் கூட்டணி 39-ல் 30 இடங்களை வென்றது. கலர் டி.வி. வழக்கு 2000-ல் விடுதலையில் முடிந்தது. 2001 ஜூன் 30 விடியும் முன், மேம்பால ஊழல் வழக்கில் கருணாநிதியைப் போலீஸ் இழுத்துச் சென்றதை சன் டி.வி. நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டி.வி.யில் வேறு காட்சி ஓடியது. ஆளுநர் பாத்திமா பீவி பதவி விலக நேர்ந்தது. 2004-ல் தி.மு.க. கூட்டணி புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதையும் அள்ளியது. மேம்பாலங்கள் இன்றும் உறுதியாக இருக்கின்றன; வழக்குதான் ஆட்சி மாறியபின் இல்லாமல் போனது. எதிரியைச் சிறைக்கு அனுப்பினால் அவர் கோட்டைக்குத் திரும்பும் சாலைக்கு நீங்களே ஜல்லி கொட்டுகிறீர்கள். பாதி திறந்த கோப்பே போதும். அவர் பயப்படுவார், மக்கள் சந்தேகப்படுவார்கள், கூட்டணிக்கும் கதவு திறந்திருக்கும்.

புகார் உங்கள் பக்கம் திரும்பினால் பதற வேண்டாம். ரெய்டு என்றால் அரசியல் காழ்ப்புணர்ச்சி. வழக்கு என்றால் மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. தண்டனை என்றால் மேல்முறையீடு. விடுதலை என்றால் தர்மம் வென்றது, லட்டு. இவற்றுக்கு மேல் யாராவது விவரம் கேட்டால் “உங்க ஆட்சியில் என்ன நடந்தது?” என்று திருப்பிக் கேளுங்கள். இதற்கு இதுவரை எந்தத் தரப்பும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

வென்றுவிட்டீர்களா? உடனே கஜானா காலி என்று அறிவித்து வெள்ளை அறிக்கை விடுங்கள். ஆளுநரிடம் கொடுத்த புகார் மனுவின் நகலைப் பத்திரமாகக் கட்டி வையுங்கள்; ஐந்தாண்டு கழித்துத் தேதியை மாற்றினால் போதும்.

கடைசியாக ஒன்று. பட்டியலில் அமைச்சர், மாமன் மச்சான், பினாமி, அதிகாரி என்று யாரை வேண்டுமானாலும் சேருங்கள். ஒப்பந்தக்காரர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அவர் போன ஆட்சியிலும் ரோடு போட்டவர், அடுத்த ஆட்சியிலும் போடப் போகிறவர். நீங்கள் நிற்கிற மேடைக்கும் எதிரே நாளை அவர்கள் போடப் போகிற மேடைக்கும் நன்கொடை அவருடையதுதான். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருப்பார். பேச்சைத் தொடங்கும்போது அவரைப் பார்த்து ஒரு வணக்கம் வையுங்கள்.