வளையப் பிடிக் கத்தியும் வாய்ச்சொல் வியாபாரியும்

என்ன மருமவனே, லண்டன் பழஞ்சாமான் சந்தையில கமாண்டோ கத்தி வாங்கப் போறீராமே? வெங்காயம் நறுக்கத் தெரியாத ஆளுக்குக் கத்தி மேல ஆசை வந்திருக்குன்னு உம்ம அத்தைக்கு ஒரே சந்தோசம். பட்டாளத்து ஆயுதக் கிடங்குல கணக்கு எழுதுனவன் நானு. ரெண்டு வார்த்தை சொல்லுதேன், கேட்டாக் கேளும்.

நீரு அனுப்புன படத்தப் பாத்தேன். கூடவே வந்த கதையையும் கேட்டேன். 1942 ஆகஸ்டுல பிரான்சு நாட்டு டியெப் கரையில இறங்குன சிப்பாயோட இடுப்புல இருந்த கத்தியாம். சொல்லும்போதே வியாபாரிக்குக் கண்ணு கலங்கிட்டாம். கண்ணு கலங்குனா விலை கூடும்வே, அது எல்லாச் சந்தையிலயும் உள்ளதுதான். ஆனா பிடியப் பாத்தீரா? மேலருந்து கீழ வரைக்கும் வளையம் வளையமா ஓடுது. அந்த வளையப் பிடி 1943 கடைசியிலதான் வந்துச்சு. டியெப்புல இறங்குன மனுசன் அடுத்த வருசம் செய்யப்போற கத்திய எப்படி இடுப்புல சொருவுனான்? வியாபாரிகிட்ட கேட்டுச் சொல்லும், நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.

இந்தக் கத்தியோட பூர்வீகம் கேளும். ஃபேர்பேர்ன், சைக்ஸ்னு ரெண்டு பேரு. ஷாங்காய் போலீசுல இருந்து, அந்த ஊரு சந்துபொந்துல அடிதடி பாத்தே தேறுனவங்க. ஹிட்லர் சண்டையில கமாண்டோவுக்குப் பாடம் நடத்த வந்தாங்க. 1940 நவம்பர்ல வில்கின்சன் கம்பெனியில உக்காந்து பேசி, கத்திக்கு ஒரு உருவம் குடுத்தாங்க. நான் சவரம் பண்ணுத பிளேடுலயும் அதே கம்பெனி பேருதான், ஆனா அதுக்கு எவனும் கண்ணு கலங்கிக் கதை சொல்லல.

1941ல வந்த முதல் வகையில, பிடிக்கும் அலகுக்கும் நடுவுல குறுக்க நிக்குத கைக்காப்பு ஒரு பக்கம் மேலயும் மறுபக்கம் கீழயும் வளைஞ்சு நிக்கும். அலகோட அடியில தீட்டாம விட்ட தட்டை இடம் இருக்கும். கம்பெனி பேரு, கத்தி பேரெல்லாம் அங்கதான் பொறிச்சிருக்கும். 1942ல வந்த ரெண்டாவது வகையில கைக்காப்பு நேராயிட்டு, தட்டை இடமும் போச்சு. ரெண்டுக்கும் பித்தளைப் பிடி, வழுக்காம இருக்கக் கட்டம் கட்டமாப் பொடிச்சிருப்பான். அப்புறம் சண்டை நீண்டுது, ஆயிரக்கணக்குல சீக்கிரமா வேணும்னு ஆச்சு. அச்சுல வார்த்த வளையப் பிடி அப்படி வந்ததுதான். முதல் வகைக்கு விலை ஏகத்துக்கும் இருக்குததால, போலியும் அதுலதான் கூடுதல். அலகுல வில்லியம் ராஜர்ஸ், ஷெஃபீல்டுன்னு அழகா எழுதியிருந்தா, அது சண்டை ஓஞ்ச பெறகு கடைக்கு வந்த சரக்கு. அதையும் வீரன் கத்தின்னுதான் விப்பான், வாய்ச்சொல்லுக்கு வரி இல்லல்லா.

கத்தியப் பாத்துட்டு உறைய விட்டுராதேயும். தோலுறை, அடியில பித்தளைக் குப்பி, பக்கத்துக்கு ரெண்டா நாலு தோல் காது. உடுப்புல வச்சுத் தைக்கத்தான் அந்தக் காது. பல சிப்பாய்க அத அறுத்துப் போட்டுட்டு பெல்ட்டுல மாட்டிக்கிட்டாங்க. அதனால காது இல்லைன்னு கவலப்படாதேயும், காது புத்தம் புதுசா மினுங்குனாக் கவலப்படும். முனையும் ரொம்ப மெல்லிசு. சாப்பாட்டு டின்னத் தொறக்கப் போயி ஒடிச்சவன் எத்தனையோ பேரு. ஒடிஞ்சதத் திரும்பத் தீட்டி முனை வச்சிருப்பான், அலகு குட்டையாத் தெரியும். நாடாவால அளந்து பாரும்.

வாங்குன கையோட புளி போட்டுத் தேய்க்கணும்னு உமக்குக் கை அரிக்கும். தெரியும்வே, உம்ம பாட்டனார் பித்தளைக் கூசாவ விளக்கியே நீரு என்கிட்ட அஞ்சு ரூவா வாங்கியிருக்கீரு. இங்க அந்தப் பாச்சா பலிக்காது. அந்தக் கருப்பும் மங்கலும்தான் அதோட வயசு. அதத் தேச்சு எடுத்தா பாதி விலை தேஞ்சு போகும். சாணைக்குக் கொண்டு போனா மிச்சமும் போகும். துணியில துளி எண்ணெய் தொட்டுத் துடைச்சு வையும், போதும். தோலுறைக்குள்ளயே வருசக்கணக்காப் போட்டும் வைக்காதேயும், தோலு ஈரத்தப் பிடிச்சு அலகத் துருவாக்கிரும்.

அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய் கத்தி, கா-பாருன்னு ஒண்ணும் பாத்து வச்சிருக்கீராம். ஏழு அங்குல அலகு, தோல்வட்டு அடுக்குன பிடி. கூடுதலாச் செஞ்சு குடுத்தது கமில்லஸ் கம்பெனி, பேரு வாங்குனது கா-பார். நம்ம ஊருக் கல்யாணத்துல சமையக்காரன் ஒருத்தன், சந்தனம் வாங்குதவன் இன்னொருத்தன் இல்லையா, அதுமாதிரிதான். அலகடியில யாரு பேரு இருக்குன்னு பாத்துட்டு விலை பேசும்.

இன்னொண்ணு. பொங்கலுக்கு வரும்போது மாமாவுக்குக் காட்டணும்னு பெட்டியில போட்டுக்கிட்டு வந்துராதேயும். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம ஆயுதத்த நாட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது. ஏர்போர்ட்டுல கமாண்டோ கதை சொன்னா எவனும் கண்ணு கலங்க மாட்டான்.

அந்த வளையப் பிடிக் கத்தி நல்ல கத்திதான், வாங்கும். 1943க்கு உள்ள விலையக் குடும், டியெப்புக்கு ஒரு பைசா குடுக்காதேயும். கைக்காப்பையும் உறையையும் கிட்டத்துல வச்சுப் படம் எடுத்து இன்னைக்கு ராத்திரியே அனுப்பும்.