பாவைக்கு வயது என்ன?

சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிமலையின் கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பாடித் தீர்த்தார்கள். வயதுச் சான்றிதழ் கேட்டவர் ஒருவருமில்லை. கேட்கப் போனவன் திரும்பியிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

இப்போது அரசாங்கம் கேட்கிறது. 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயது 14 என்றது. 1978இல் 18 ஆனது. 21 ஆக்க 2021இல் வந்த மசோதா, 2024இல் மக்களவை கலைந்ததோடு காலாவதி. இருக்கிற 18 வயதுச் சட்டமாவது கொல்லிமலை அடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள், மேலே சில வீடுகளில் பந்தியே முடிந்துவிடுகிறது. பிறகொரு நாள் அந்தப் பெண் கர்ப்பப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போவாள். ஆதார் அட்டையைப் பார்த்த நர்ஸம்மாவுக்கு முகம் மாறும். ஊரே மொய் எழுதிய கல்யாணம் அரசாங்கத்துக்குத் தெரியவருவது அன்றைக்குத்தான்.

கீழே சமவெளியில் வேறு கூத்து. ஜாதகம் கிழிந்துபோன 35 வயது மாப்பிள்ளையைத் தரகர் இன்னமும் ‘பையன்’ என்கிறார். மேலே 16 வயதுப் பிள்ளை ‘பெரிய மனுஷி’. உயரத்தில் காலம் வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டீன் சொன்னது சரிதான். அதற்காக இவ்வளவு வேகமா?

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பத்திரிகை அடிக்கும் முன் அந்தக் கணக்கையும் போடுங்கள். அடித்தே விட்டார்களா? குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போடுங்கள், காசு கிடையாது.