மிலிட்டரி ஜீப் மிராசுதார்

கொட்டகையில் மாடு இல்லாத மிராசுதார் வீடுகள் டெல்டாவில் இப்போது ஏராளம். அவற்றில் சில வீடுகளில் மாடு கட்டிய இடத்தில் நான்கு ஹாலோ பிளாக் கல்லின் மேல் துருப்பிடித்த இரும்புச் சட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பெயிண்ட் டப்பாக்கள் நிறைய போல்ட்டும் நட்டும், வைக்கோல் போர் ஓரமாகச் சாத்திய பானெட், கழுநீர்த் தொட்டியில் டீசலில் ஊறும் கியர் பாக்ஸ். இவற்றுக்கு நடுவே கைலியை மடித்துக் கட்டி, காதில் பென்சில் செருகி, ஐம்பதை நெருங்கும் ஒருவர் குந்தியிருந்தால் அவர்தான் நம் கதாநாயகர். ஊரில் அவருக்கு ஜீப்பண்ணன் என்று பெயர். ஜீப் ஓடி யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

“வண்டி எந்த அளவுலண்ணே இருக்கு?” என்று கேட்டால், “சேஸிஸ் வரைக்கும் பிரிச்சாச்சு தம்பி” என்பார். இதை அவர் சொல்லத் தொடங்கிய பிறகு எத்தனையோ சம்பா அறுத்து, அரைத்து, சாப்பிட்டும் முடித்தாயிற்று. கெடு வைப்பதில் குறைவில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பதற்குள் பாடியை ஏற்றிவிடுவது என்பது முதல் கெடு. தண்ணீர் வந்ததும் மெக்கானிக் டிராக்டர்களைப் பார்க்கப் போய்விடுவார். குறுவை அறுப்பு முடியட்டும் என்பது அடுத்தது. அதற்குள் ஐப்பசி அடைமழை, பெயிண்ட் காயாது. தை பிறந்தால் அறுவடை இயந்திரங்கள் வந்து இறங்கி, லேத் பட்டறையில் கால் வைக்க இடமிருக்காது. மிச்சம் இருப்பது பங்குனியும் சித்திரையும். அப்போது கோயில் திருவிழா, அண்ணன் கமிட்டியில் இருக்கிறார்.

ஆனாலும் பாடியைப் பிரித்த நாளை ஊர் மறக்காது. போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்ததால் பாதியை ஸ்பானரால் கழற்றி, மீதியைக் கேஸ் கட்டிங் வைத்து அறுத்தார்கள். பிறகு இரண்டு மூங்கில் கழியைக் கொடுத்து, முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர் தோள் போட்டு, சுவாமி புறப்பாடு கணக்காகப் பாடியைத் தூக்கி வாசலில் எழுந்தருளப் பண்ணினார்கள். அண்ணன் சூடம் கொளுத்தினார். அதுவரை மறைந்திருந்த அடிப்பாகம் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. தரைத் தகட்டுக்குக் கீழே வளைத்து அடித்த பட்டைகளுக்குள் கெட்டியாக வண்டல் மண், வைக்கோல் கூளம், ஒரு எலி வளை. மேலிருந்து பெய்த மழை இந்த வண்டியைத் தின்னவில்லை. அடியில் தங்கிய ஈர மண்தான் வருஷக்கணக்காக உட்கார்ந்து தின்றிருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். துரு போயிற்று, கூடவே தகடும் போயிற்று. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மெக்கானிக் பாய் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நின்ற ஆட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, எதை வச்சுக்கிறது, எதைத் தூக்கிப் போடுறதுன்னு நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

ஜீப்பண்ணன் அசரவில்லை. “பாய், இது சாதாரண ஜீப்பு இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல பர்மாவுல ஓடுன வண்டி.”

எல்லா ஜீப்பண்ணன்களின் வண்டியும் பர்மாவில் ஓடியதுதான். போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தார்கள் என்பது உண்மை. அவற்றில் சில இந்தியாவில் தங்கி ஏலத்துக்கு வந்ததும் உண்மை. ஆனால் போர் ஜீப்புக்கு முகத்தில் ஒன்பது துவாரம். பிற்பாடு பொதுமக்களுக்காகச் செய்த ஜீப்புக்கு ஏழு. அண்ணன் வண்டியின் கிரில்லை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஏழுதான் வருகிறது. பானெட் வேறு தூக்கலாக இருக்கிறது. 1953-இல் வில்லிஸ் கொண்டுவந்த சி.ஜே. 3 பி மாடலில் புது எஞ்சின் உயரமாகப் போய்விட்டது. அதை அடக்க பானெட்டை உயர்த்தினார்கள். பம்பாயில் மஹிந்திரா உரிமம் வாங்கி வெகுகாலம் செய்து தள்ளிய உருவம் அதுதான். நம் ஊரில் ஜீப் என்றதும் மனசில் வருகிற அந்த மொட்டை மூக்கு முகம் பர்மாவைப் பார்த்ததேயில்லை.

பாய்க்கு இது தெரியும். எண்ணியும் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, கூலி பாக்கி இருக்கிறது.

உண்மையைச் சொன்னது பெயிண்ட். பழைய சாயத்தைச் சுரண்ட ஒரு பையனை உட்கார வைத்தார்கள். மேல் பூச்சு நீலம், யாரோ ஒரு செங்கல் சூளைக்காரர் அடித்தது. அதன் கீழே ஒரு கட்சியின் கொடி வண்ணம். தேர்தலுக்கு மைக் செட் கட்டிப் போன காலம் என்பதற்கு பானெட்டில் குழாய் முடுக்கிய ஓட்டைகளே சாட்சி. அதற்கும் கீழே அரசாங்கச் சாம்பல். சாம்பல் மேல் பாதி அழிந்த எழுத்து: “ஊராட்சி ஒன்றி...”. பையன் சுரண்டிக்கொண்டே போனான். கதவில்லாத பக்கவாட்டில், ஓட்டுநர் முழங்கால் படும் இடத்துக்குச் சற்று முன்னால், சிவப்பாக ஒரு மூலை தெரிந்தது. பிறகு இன்னொரு மூலை. முழுசாக வெளிவந்தபோது தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம்.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம்.

அன்றைக்குக் கொட்டகையில் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லை. சின்னத்தை முதலில் அடையாளம் கண்டது திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அண்ணனின் அம்மா. அண்ணன் பல நாளாக ஒரு கதை சொல்லி வந்தார்: “எங்கப்பா இந்த மாதிரி ஜீப்புலதான் தஞ்சாவூருக்குப் போவாரு.” அதற்கும் அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது.

“உங்கப்பாரு ஜீப்புல போனாரா? ஜீப்பு சத்தம் கேட்டாலே வாழைக்கொல்லைக்குள்ள பூந்துக்குவாரு. அந்த நர்ஸம்மா வாசல்ல வந்து நின்னுகிட்டு ‘ஐயா இல்லையா’ம்பாங்க. வயலுக்குப் போயிருக்காருன்னு நானும் பொய் சொல்லி அனுப்புவேன். அவரு அப்புடி ஓடாம இருந்திருந்தா அஞ்சாவதா நீ ஏதுடா?”

ஜீப்பண்ணன் நாலு நாள் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

எனக்கு அவர்மேல் பரிதாபம் இல்லை, கோபம்தான். கிடைத்தது எப்பேர்ப்பட்ட வண்டி! 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி வட்டாரத்துக்கு வட்டாரம் பி.டி.ஓ. ஆபீஸ் வந்தபோது, கிராமத்துக்குள் நுழைந்த அரசாங்கம் ஜீப்பில்தான் நுழைந்தது. 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாடு முழுவதும் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. பாக்கேஜ் திட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உரம் போடு, வரிசையில் நடு, ஆடுதுறையில் புதுசாக ஏ.டி.டி. 27 வந்திருக்கிறது, விதைத்துப் பார் என்று வரப்போரம் நின்று மன்றாடிய விரிவாக்க அலுவலர்களைச் சுமந்ததும், அம்மை குத்த வந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கியதும், வெள்ளத்தில் உடைந்த கரையைப் பார்க்கத் தாசில்தார் வந்ததும் இந்த மொட்டை மூக்கில்தான். போரில் யாரைச் சுட்டது என்று தெரியாத வண்டியைவிட, சொந்த அப்பாவைத் துரத்திய வண்டி பெரிதில்லையா?

ஜீப்பண்ணனுக்கு அது பெரிதில்லை. அவருக்கு மிலிட்டரி பச்சைதான் வேண்டும், பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் வேண்டும்.

அந்த நட்சத்திரத்துக்கு ஆகும் செலவை வீட்டில் தனிக் கணக்காக வைத்திருக்கிறார்கள். உதிரி பாகம் தேடித் திருச்சி, சென்னைப் புதுப்பேட்டை, கடைசியில் ஜீப்புக்கென்றே பேர் வாங்கிய அரியானாவின் மண்டி டப்வாலி வரைக்கும் போன் போகிறது. பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து வரவேண்டும். குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு ஆயிரம். ஆகவே அண்ணி ரூபாயில் பேசுவதை விட்டுவிட்டார். “ரேடியேட்டர் எட்டுச் சிப்பம். இந்தா, நேத்து கூரியர்ல வந்த ஆயில் சீலு ரெண்டு சிப்பம். மேலண்டைப் பங்கு முச்சூடும் அந்தக் கொட்டாயிக்குள்ள கெடக்கு” என்பார். அண்ணன் மறுத்துப் பேசமாட்டார். “அது டபுள் லிப் சீலு” என்று மட்டும் சொல்வார்.

சிலர் முடித்தும் விடுகிறார்கள், அதையும் சொல்லவேண்டும். முடித்த பிறகு வருகிறது உண்மையான சிக்கல்: இந்த ஃபோர் வீல் டிரைவை வைத்துக்கொண்டு டெல்டாவில் என்ன செய்வது? எங்கள் பக்கம் ஏறுவதற்கு இருக்கும் மேடு இரண்டே வகை, ஆற்றுப் பாலம், ரயில்வே மேம்பாலம். இரண்டுக்கும் டவுன் பஸ் ஏறுகிறது. மேடில்லாவிட்டால் சேறு இருக்கிறதே என்று ஒரு ஜீப்பண்ணன் நடவுக்குப் பரம்படித்த வயலில் இறக்கிக் காட்டினார். முன்சக்கரத்தைச் சேர்க்க ஒரு லீவர், வேகம் குறைத்து இழுவை கூட்ட ஒரு லீவர், இரண்டையும் போட்டார். களிமண்ணில் ஒல்லி டயர் அமிழ்ந்து, அச்சின் ஹவுசிங் சேற்றில் குந்திக்கொண்டது. சாதாரண டிஃபரன்ஷியலில் பிடிமானம் இல்லாத சக்கரத்துக்குத்தான் சுற்று போகும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சக்கரம் சுழன்று வரப்பில் நின்ற அத்தனை பேரின் வேட்டியையும் வண்ணம் மாற்றின. மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்தன. கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்தது. ஓட்டிய பையன் காசு வாங்கவில்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் படலம் தனி. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருந்தால் 20,000 ரூபாய் கட்டி, நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துடன் பதிவு செய்துகொள்ளலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் என்றால் சரி. தஞ்சாவூர்க்காரர்களுக்கு வி.ஏ. என்றால் அப்புறம் ஒரு ஓ இருந்தே தீரவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வண்டி என்று சிட்டா அடங்கல் கேட்டு வழிமறிப்பார்கள், அதைக்கூடச் சமாளிக்கலாம். விதியில் இன்னொரு வரி இருக்கிறது. வண்டி பூர்வ வடிவில் இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பாதி சேஸிஸைப் புது இரும்பில் ஒட்டவைத்து, பாடித் தகட்டை முழுக்க மாற்றி, பெட்ரோல் கட்டவில்லை என்று முந்தின சொந்தக்காரர் டீசல் எஞ்சின் வைத்த வண்டியில் பூர்விகம் என்று எதைக் காட்டுவது? ஒன்று இருக்கிறது. சேஸிஸ் நம்பரைத் தாளில் பென்சில் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்கவேண்டும். துணியை டீசலில் நனைத்து, துருவை ஊற வைத்து, நகத்தால் நெருடி நெருடி அண்ணன் இதுவரை மூன்று எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். காதில் பென்சில் இருப்பது அதற்காகத்தான். நாலாவது எண் 3 என்கிறார் அவர், 8 என்கிறார் பாய்.

டெல்டாவின் ஜீப்பண்ணன்மாருக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். மிலிட்டரி பச்சை அடியுங்கள், நட்சத்திரமும் வரைந்துகொள்ளுங்கள், உங்கள் சிப்பம், உங்கள் இஷ்டம். அந்தச் சிவப்பு முக்கோணத்தையும் “ஊராட்சி ஒன்றி” என்ற பாதி எழுத்தையும் மட்டும் சுற்றி ஒரு சாண் விட்டு அடியுங்கள். பர்மா ஜீப்பைப் பாதுகாக்க உலகம் பூராவும் ஆள் இருக்கிறார்கள், பாபநாசம் பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப்புக்கு உங்களை விட்டால் ஆளில்லை. பட்டி பார்க்கிறவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் தேய்க்க ஆரம்பித்தால் சாப்பாட்டு வேளைக்குத்தான் நிறுத்துவார்.